கொல்லிமலையில் ஒரு கூலி பாக்கி

2008-ஆம் ஆண்டு ரமளான் மாதத்தின் நடுவில், செப்டம்பர் 15 அன்று, அமெரிக்காவின் லேமன் பிரதர்ஸ் நிதி நிறுவனம் திவாலாயிற்று. மறுநாள் நோன்பு திறந்து, கஞ்சிக் கிண்ணம் கையில் இருக்கத் தொலைக்காட்சியில் அச்செய்தியைக் கண்டோம். கண்ணாடிக் கட்டடம் ஒன்றிலிருந்து ஆண்களும் பெண்களும் அட்டைப் பெட்டிகளைச் சுமந்தபடி வெளியேறிக்கொண்டிருந்தனர். ‘பாவம், நல்ல படிப்புப் படித்தவர்கள்’ என்று சொல்லிவிட்டுத் தராவீஹுக்குப் புறப்பட்டோம். திருப்பூரில் வாடகை ஷெட் ஒன்றில் ஓடிக்கொண்டிருந்த எங்கள் பன்னிரண்டு தையல் இயந்திரங்களுக்கும் அந்தப் பெட்டிகளுக்கும் தொடர்பு உண்டு என்பது அன்று எங்களுக்குத் தெரியாது.

நாங்கள் சகோதரர் இருவர். சொந்த ஊர் நாமக்கல். எங்கள் அத்தா கொல்லிமலையில் மிளகும் பலாவும் அன்னாசியும் வாங்கிக் கீழ்நாட்டில் விற்றவர். கையெழுத்துப் பழக்கம் குறைந்த காலம் அது. வாய்ச்சொல்லே பத்திரம். மலைக்காரர்கள் அவரிடம் மூட்டையைக் கொடுத்துவிட்டு, பணத்தை அடுத்த மாதம் வாங்கிக்கொள்வர். அவரும் பூ விடும்போதே முன்பணம் கொடுத்துவிட்டுக் காய் வரும்வரை காத்திருப்பார். அந்த வணிகத்தில் எங்களுக்கு நாட்டமில்லை. தொண்ணூறுகளின் பிற்பகுதியில் ஒருவர்பின் ஒருவராகத் திருப்பூருக்கு வந்து, டெய்லராக இருந்து, பிறகு நான்கு பவர் டேபிள் இயந்திரங்களைப் போட்டு ஜாப் ஒர்க் தொடங்கினோம். இவ்வூரின் முதல் பனியன் ஆலையை 1925-இல் தொடங்கியவர் குலாம் காதர் என்பதை எங்கள் ஜமாஅத்துப் பெரியவர்கள் அடிக்கடி சொல்வர். அப்படிச் சொல்லும்போது, நாங்களும் அந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி என்ற பெருமிதம் எங்களுக்கு ஏற்படும். சங்கிலியின் கடைசிக் கண்ணிக்கு என்ன நேரும் என்பதைப் பிறகு கற்றுக்கொண்டோம்.

ஜாப் ஒர்க் என்பதை அறியாதவர்களுக்குச் சற்று விளக்க வேண்டும். ஏற்றுமதி நிறுவனம் ஒன்று அமெரிக்காவிலோ ஐரோப்பாவிலோ உள்ள கடைக்காரரிடம் ஆர்டர் பெறும். துணியை வெட்டி எங்களிடம் அனுப்பும். நாங்கள் தைத்து, பிசிறு வெட்டி, செக்கிங் முடித்துத் திருப்பி அனுப்புவோம். ஒரு பீஸுக்கு இவ்வளவு என்று கூலி. அந்தக் கூலி எங்கள் கைக்கு வர இரண்டு மாதமோ மூன்று மாதமோ ஆகும். ஆனால் எங்களிடம் வேலை செய்பவர்களுக்குச் சனிக்கிழமைதோறும் சம்பளம் கொடுத்தாக வேண்டும். இடைப்பட்ட நாட்களை எங்கள் கைப்பணத்தாலும் கடனாலும் நிரப்புவோம். கப்பல் ஒழுங்காகப் போகும்வரை இது ஒரு குறையாகவே தோன்றாது. 2008-இன் இறுதியில் அங்கே கடைகளில் கூட்டம் குறைந்தது. ஆர்டர்கள் தள்ளிப்போயின. போன சரக்குக்குப் பணம் வரவில்லை. அதே ஆண்டில் மின்வெட்டு வேறு. டீசல் ஊற்றி ஜெனரேட்டர் ஓட்டித் தைத்த துணிக்குத்தான் கூலி வரவில்லை. டாலர் விலை சரியும் என்று நம்பி வங்கிகளோடு அந்நியச் செலாவணி ஒப்பந்தம் போட்ட பெரிய ஏற்றுமதியாளர்கள், டாலர் ஏறியபோது கோடிக்கணக்கில் இழந்தனர். டிசம்பரில் மத்திய அரசு ஏற்றுமதித் தொழில்களுக்கு வட்டிச் சலுகை அறிவித்தது. அது வங்கிக் கடன் உள்ளவர்களுக்கு. எங்களைப் போன்ற ஷெட்டுக்காரர்களின் கடன் எந்த வங்கிக் கணக்கிலும் இல்லை.

வட்டிக்கு வாங்கக் கூடாது என்பதில் நாங்கள் உறுதியாக இருந்தோம். அதைச் சொல்லிக்கொள்வதில் ஒரு கர்வமும் இருந்தது. இயந்திரங்களுக்கு மாமி மகன் ஒன்றரை லட்ச ரூபாய் கைமாற்றாகக் கொடுத்திருந்தார். வட்டியில்லாக் கடன்தானே என்று அதைக் கடனாகவே நினைக்காமல் ஐந்து ஆண்டுகளை ஓட்டியிருந்தோம் என்பதும் உண்மை.

எங்கள் ஷெட்டில் பத்தொன்பது பேர் வேலை செய்தனர். அவர்களுள் மூவர் கொல்லிமலைப் பெண்கள்: அக்காள் ஒருத்தி ஓவர்லாக் டெய்லர். அவளுடைய தங்கையும் சித்தப்பா மகளும் செக்கிங். வாழவந்தி நாட்டைச் சேர்ந்த அக்குடும்பத்தோடு அத்தாவுக்கு முப்பதாண்டுப் பழக்கம். ‘பாய் வீட்டுப் பிள்ளைகள் நடத்துகிற இடம்’ என்பதற்காகவே, வேறெங்கும் அனுப்பாத பெண்களை அவர்கள் எங்களிடம் அனுப்பினர். அத்தா 2006-இல் வஃபாத் ஆனபோது அந்த வீட்டுப் பெரியவர் மலையிலிருந்து இறங்கி வந்து, கபுரஸ்தான் வாசலில் துண்டைக் கையில் பிடித்தபடி நின்றது நினைவிருக்கிறது.

அவ்வாண்டு தீபாவளி அக்டோபர் 27. திருப்பூரில் தீபாவளி என்றால் போனஸ். பிறந்தது முதல் தீபாவளி கொண்டாடாத நாங்களும் ஆண்டுதோறும் அந்த நாளுக்காக ஆறு மாதம் பணம் சேர்ப்போம். அந்த ஆண்டு நாங்கள் தைத்துக் கொடுத்த நிறுவனம் இரண்டரை லட்சத்துக்கு மேல் பாக்கி வைத்திருந்தது. அதன் அலுவலகத்தில் மூன்று நாள் காலை முதல் மாலைவரை உட்கார்ந்துவிட்டு, இருபதாயிரம் ரூபாயோடு திரும்பினோம். பத்தொன்பது பேருக்கும் ஆளுக்கு ஆயிரம் கொடுத்து, மீதியைத் திறந்தவுடன் தருவதாகச் சொன்னோம். கொல்லிமலைப் பெண்கள் மூவருக்கும் மூன்று வாரச் சம்பளமும் போனஸும் சேர்ந்து இன்னும் 14,500 ரூபாய் கொடுக்க வேண்டியிருந்தது. அக்காள் ஒன்றும் சொல்லவில்லை. பேருந்து நிலையத்தில் இறக்கிவிட்டபோது, ‘திறக்கறப்போ போன் பண்ணுங்கண்ணா’ என்றாள்.

நாங்கள் திறக்கவேயில்லை.

நவம்பரில் திருப்பூரின் தோற்றம் மாறிவிட்டது. ஒவ்வொரு கம்பெனிக் கதவிலும் ‘டெய்லர், செக்கிங், கைமடி ஆட்கள் தேவை’ என்று எழுதித் தொங்கவிடப்பட்டிருந்த பலகைகள் ஒவ்வொன்றாக மறைந்தன. ‘வாடகைக்கு விடப்படும்’ என்ற பலகைகள் வந்தன. டீக்கடைகளில் காலையில் போடும் வடையின் எண்ணிக்கை குறைந்தது. எங்கள் வீதியில் மூன்று ஷெட்டுகள் இரவோடு இரவாகக் காலியாயின. காலையில் ஆட்கள் வந்து பூட்டைப் பார்த்துவிட்டு, சிறிது நேரம் வாசலில் உட்கார்ந்திருந்துவிட்டுப் போவர். அவர்கள் யாரையும் திட்டிக்கூடக் கேட்கவில்லை. அதுதான் எங்களை உறுத்தியது.

எங்களுக்குள் விவாதம் தொடங்கியது. மூத்தவர், போய்விடலாம் என்றார். நாமக்கல்லில் சொந்த வீடு உண்டு. அம்மா தனியாக இருக்கிறார். ஒரு மளிகைக் கடையோ முட்டைக் கடையோ வைத்தால் வாடகையாவது மிஞ்சும். இறைவனின் பூமி விசாலமானது என்று குர்ஆன் சொல்லவில்லையா? ஓர் ஊரில் வழியடைத்தால் இன்னோர் ஊருக்குப் போகச் சொல்லவில்லையா? மூஸா நபியவர்களிடம் நகரத்தின் கடைக்கோடியிலிருந்து ஒருவர் ஓடிவந்து, வெளியேறிவிடுங்கள் என்றாரே, அவர் மத்யனுக்குப் போய்க் கூலிக்கு ஆடு மேய்க்கவில்லையா என்பார்.

இளையவர், இருப்போம் என்றார். ரிஸ்க் அல்லாஹ்வின் பொறுப்பு. அது திருப்பூரில் இல்லாமல் நாமக்கல்லில் மட்டும் இருக்குமா? பஞ்சம் வந்தால் ஓடுவதும் பணம் வந்தால் திரும்புவதும் தவக்குல் ஆகுமா? அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) வெறுங்கையோடு மதீனாவுக்கு வந்தபோது, அன்சாரித் தோழர் தம் சொத்தில் பாதியைத் தர முன்வந்தும், சந்தை எங்கே என்று மட்டும் கேட்டுக்கொண்டு பாலாடைக் கட்டியும் நெய்யும் விற்கத் தொடங்கினாரே. நம் எதிரில்தானே காதர்பேட்டைச் சந்தை இருக்கிறது என்பார்.

இருவரும் மார்க்கத்தையே மேற்கோள் காட்டினோம். இருவரிடமும் ஆதாரம் இருந்தது. பின்னாளில் எண்ணிப் பார்க்கையில், முன்பே எடுத்துவிட்ட முடிவுக்குச் சான்று தேடிக்கொண்டிருந்தோம் என்றே தோன்றுகிறது. துபாய் என்றொரு பேச்சும் இடையில் எழுந்தது. ஆனால் அங்கேயும் கட்டடப் பணிகள் நின்று, எங்கள் மஹல்லாவைச் சேர்ந்தவர்களே திரும்பி வந்துகொண்டிருந்தனர்.

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து, எங்கள் பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் போனோம். இஸ்திகாரா தொழுதும் ஒரு தெளிவும் வரவில்லை, கனவும் வரவில்லை என்றோம். அவர் சிரித்தார். கனவு வரவேண்டும் என்று யார் சொன்னது, தொழுது துஆ கேட்டபின் எந்தப் பக்கம் வழி இலகுவாகிறதோ அந்தப் பக்கம் நடக்க வேண்டியதுதான் என்றார். உமர் (ரலி) அவர்கள் சிரியாவுக்குப் போகும் வழியில், அங்கே கொள்ளைநோய் என்று கேள்விப்பட்டுத் திரும்ப முடிவு செய்ததையும், அல்லாஹ்வின் விதியிலிருந்தா ஓடுகிறீர்கள் என்று அபூஉபைதா (ரலி) கேட்டபோது, ஆம், அவன் விதியிலிருந்து அவன் விதிக்கே ஓடுகிறோம் என்ற பொருள்பட அவர் விடையளித்ததையும் நினைவூட்டினார். ‘ஆகவே போனாலும் குற்றமில்லை, இருந்தாலும் குற்றமில்லை’ என்றவர், எழப்போன எங்களைக் கையமர்த்திக் கேட்டார்:

‘ஆளுங்களுக்கு எவ்வளவு பாக்கி?’

சொன்னோம். எல்லாம் சேர்ந்து தொண்ணூற்றாறாயிரம்.

‘இந்த ஊர்ல இருக்கிறதா, போறதாங்கிறதுக்கு இஸ்திகாரா உண்டு. கூலியைக் கொடுக்கிறதா வேண்டாமாங்கிறதுக்கு இஸ்திகாரா கிடையாது, தம்பி. அது கடமை. கடமைக்கு யோசனை கேட்க முடியாது. முதல்ல அதை முடிங்க. அப்புறம் வாங்க, பேசலாம்.’

வீட்டுக்கு வரும்வரை நாங்கள் ஒருவரோடொருவர் பேசவில்லை. இரண்டு மாதங்களாக ‘போவதா, இருப்பதா’ என்று விவாதித்தோமே, அதில் ஒரு நாளாவது அந்தத் தொகையைப் பற்றிப் பேசியிருக்கிறோமா? இல்லை. மூத்தவரின் ‘போவோம்’ என்பதற்குள் கூலியைக் கொடுக்காமல் போவது அடங்கியிருந்தது. இளையவரின் ‘இருப்போம்’ என்பதற்குள், நிறுவனம் பணம் தரும்வரை கூலிக்காரர்கள் காத்திருப்பது அடங்கியிருந்தது. ஊரைப் பற்றிய கேள்வி பெரியதாக இருந்ததால் அதன் பின்னால் இந்தச் சின்னக் கேள்வி வசதியாக ஒளிந்துகொண்டது.

உழைப்பாளியின் வியர்வை உலருமுன் கூலியைக் கொடுக்கும்படி நபி (ஸல்) அவர்கள் சொன்னதை மத்ரஸாப் பிள்ளைகள்கூட அறிவர். அதைவிடக் கடுமையான ஒன்று புகாரியில் உண்டு. மறுமையில் மூன்று பேருக்கு எதிராகத் தானே வழக்காடுவதாக அல்லாஹ் சொல்கிறான். அவர்களுள் ஒருவர், வேலையை முழுமையாக வாங்கிக்கொண்டு கூலி கொடுக்காதவர். நபியவர்கள் தொழுகையில் கடனைவிட்டுப் பாதுகாப்புத் தேடியதும், ஏன் இவ்வளவு அதிகமாக என்று கேட்டதற்கு, கடன்பட்டவன் பேசினால் பொய் சொல்கிறான், வாக்களித்தால் மீறுகிறான் என்று காரணம் சொன்னதும் அதே நூலில்தான். அந்த இரண்டு மாதங்களில் நாங்கள் பேசக் கற்றிருந்த பொய்களை நினைத்துப் பார்த்தோம். ‘அடுத்த வாரம் செக் வருகிறது’, ‘அண்ணன் ஊரில் இல்லை’, ‘போன் சார்ஜ் இல்லை’.

ஐந்து இயந்திரங்களை விற்றோம். விற்பவர்கள் மட்டுமே நிறைந்த சந்தையில் விலை எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஐந்துக்கும் சேர்த்து 36,000 ரூபாய் கிடைத்தது. மூத்தவரின் மனைவி தம் வளையல்களைக் கழற்றிக் கொடுத்தார். கழற்றும்போது அவர் சொன்னதை இங்கே எழுத வேண்டும்: ‘உங்க தியாகம்னு பேர் வைக்காதீங்க. எனக்கு இது கஷ்டமாத்தான் இருக்கு.’ நான்கு பவுன், நாற்பதாயிரம். பொங்கலுக்கு முன் நிறுவனம் இன்னுமோர் இருபதாயிரம் தந்தது.

பணத்தைக் கொடுக்கத் தொடங்கியபோதும் ஒரு தவறு செய்தோம். வாசலில் வந்து நின்றவர்களுக்கு முதலில் கொடுத்தோம். உள்ளூர்க்காரர்கள், குரலை உயர்த்தத் தெரிந்தவர்கள், இரண்டு முறை போன் செய்தவர்கள் என்ற வரிசையில் பணம் போயிற்று. மலையிலிருந்து ஒரு போனும் வரவில்லை. கேட்காதவர்களின் பங்கு இயல்பாகவே கடைசிக்குத் தள்ளப்பட்டது. மணியார்டர் செய்துவிடலாமே என்று இளையவர் சொன்னார். அம்மா நாமக்கல்லிலிருந்து போனில் மறுத்தார். ‘அத்தா உயிரோட இருந்தா அஞ்சல்ல அனுப்பிட்டு வீட்ல உட்கார்ந்திருப்பாரா? போய்க் கையில குடுங்க.’

பொங்கல் கழிந்த வாரம் கொல்லிமலைக்குப் புறப்பட்டோம். ஈரோடு, திருச்செங்கோடு, நாமக்கல். வழியெங்கும் சாலையோரத்தில் லாரிகள் வரிசையாக நின்றிருந்தன, ஏற்றச் சரக்கில்லாமல். நாமக்கல்லில் செம்மேடு பேருந்தைப் பிடித்தோம். சேந்தமங்கலம் தாண்டி, காரவள்ளி அடிவாரத்தில் ஓட்டுநர் இறங்கிச் சக்கரங்களை ஒரு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டு ஏறினார். அங்கிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் எண் பலகை உண்டு. சிறுவயதில் அத்தாவோடு வந்தபோது அவற்றை எண்ணிக்கொண்டே போய், இருபதுக்குள் வாந்தியெடுத்திருக்கிறோம். இம்முறை பேருந்தினுள் நாங்கள் கவனித்தது வேறொன்று: மேலே ஏற்றியிருந்த பைகளில் பாதி திருப்பூர்க் கம்பெனிப் பைகள். இளைஞர்கள் தலையணை, பக்கெட், ஸ்டவ் ஆகியவற்றோடு உட்கார்ந்திருந்தனர். விடுமுறைக்குப் போகிறவன் பக்கெட்டை எடுத்துப் போகமாட்டான்.

சோளக்காட்டைத் தாண்டியதும் குளிரும் மூடுபனியும். செம்மேட்டில் வல்வில் ஓரியின் சிலையருகே இறங்கி, தேநீர் குடித்துவிட்டு, நாலு கிலோமீட்டர் நடந்தோம். பாதையின் இருபுறமும் சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி ஏறியிருந்தது. ஒற்றை மூங்கில் ஏணியைச் சாய்த்துக்கொண்டு ஒருத்தி மேலே நின்று மிளகு பறித்துக்கொண்டிருந்தாள். எங்களைக் கண்டதும் இறங்கினாள். எங்கள் ஓவர்லாக் டெய்லர்.

அவள் முகத்தில் ஓடிய முதல் உணர்ச்சி மகிழ்ச்சி. ‘ஷெட் தொறந்தாச்சா அண்ணா?’ என்றாள்.

அதற்கு விடை சொல்லாமல் வீட்டுக்கு நடந்தோம். பெரியவர் திண்ணையில் இருந்தார். ‘வாங்க தம்பி, வாங்க. அம்மா சௌக்கியமா?’ என்று அத்தாவின் காலத்தில் கேட்டது போலவே கேட்டார். வெல்லம் போட்ட கடுங்காப்பி வந்தது. கோழி அடிக்கட்டுமா என்றார். ‘உங்க அத்தா வந்தா அவரே பிஸ்மி சொல்லி அறுத்துக் குடுப்பாரு. நீங்களும் அறுங்களேன்.’ வேண்டாம் என்று தடுத்தோம். லுஹர் நேரம் ஆனது. கேட்காமலே துவைத்த வேட்டி ஒன்றை விரித்து, சூரியன் சாய்கிற திசையைக் காட்டினார். அதுவும் அத்தாவிடம் கற்றதுதான்.

தொழுதபின் பணத்தை எடுத்து அவர் கையில் கொடுத்தோம். 14,500. தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்டோம். அவர் நிதானமாக, ஒருமுறை எண்ணி, மறுமுறையும் எண்ணினார். நாங்கள் சற்றுக் கூசினோம், நம்பவில்லையோ என்று. பிறகு உள்ளே பார்த்து அக்காளைக் கூப்பிட்டு ஏதோ கேட்டார். அவள் தலையசைத்தாள். அவர் ஓர் ஐந்நூறு ரூபாய் நோட்டைப் பிரித்தெடுத்து எங்களிடம் நீட்டினார்.

‘ஆடி மாசம் இது முன்பணம் ஐந்நூறு வாங்கியிருக்கு. நீங்க கழிக்கலை.’

எங்கள் நோட்டில் அது இல்லை. எங்களுக்கு நினைவும் இல்லை. மூன்று மாதமாகச் சம்பளம் வராமல் இருந்த வீட்டில் அது நினைவில் இருந்தது. வாங்க மறுத்தோம். அவர் கையை மடக்கவில்லை. வாங்கிக்கொண்டோம். கீழே இறங்க அந்த நோட்டை மாற்றித்தான் பேருந்துச் சீட்டு எடுத்தோம். அன்று எங்கள் பையில் அதற்கு மேல் அதிகம் இல்லை.

குகையில் சிக்கிக்கொண்ட மூவரின் செய்தியை வாசகர்கள் அறிவீர்கள். பாறை வாயிலை அடைக்க, ஒவ்வொருவரும் தாம் அல்லாஹ்வுக்காகச் செய்த ஒரு செயலைச் சொல்லித் துஆ கேட்பர். மூன்றாமவர், கூலி வாங்காமல் போய்விட்ட ஒருவனுடைய கூலியை முதலாக்கிப் பெருக்கி, அவன் திரும்பி வந்தபோது கால்நடைகள் அனைத்தையும் ஓட்டிக் கொடுத்தவர். சிறுவயது முதல் கேட்ட அந்தச் செய்தியில் நாங்கள் எப்போதும் முதலாளியின் இடத்திலேயே நின்று கேட்டிருக்கிறோம். கூலிக்காரன் அத்தனை ஆண்டுகள் எங்கே இருந்தான், எதைத் தின்றான் என்று அந்தத் திண்ணையில்தான் முதன்முதலாக எண்ணினோம்.

சாமைச்சோறும் மொச்சைக் குழம்பும் சாப்பிட்டுக்கொண்டே பேசினோம். ஊர் திரும்பிவிடலாம் என்று நினைக்கிறோம் என்றோம். ‘உங்களுக்குக் கவலையில்லை, நிலம் இருக்கிறது. எப்போது வந்தாலும் சோறு இருக்கும்’ என்று மூத்தவர் சொன்னார். கீழ்நாட்டிலிருந்து மலையைப் பார்ப்பவர்கள் எல்லோருக்கும் அப்படியே தோன்றும். பெரியவர் எழுந்து எங்களை வீட்டின் பின்னால் அழைத்துப் போனார். சரிவு முழுவதும் மரவள்ளி. ‘எங்க அப்பன் காலத்துல இதெல்லாம் சாமை, தினை, ராகி. விளைஞ்சதைத் தின்னோம். இப்பக் குச்சிக் கிழங்கு. கீழே சேகோ ஆலைக்காரன் சொல்றதுதான் விலை. இந்த வருசம் அவனும் குறைச்சுட்டான். இந்த நிலம் நாலு பேருக்குச் சோறு போடும். இப்ப ஏழு பேர் உட்கார்ந்திருக்கோம்.’ சாமைக்கென்று ஒதுக்கியிருந்த பாத்தி ஒரு ஷெட் அளவுதான் இருந்தது. கீழே உள்ள சந்தை தும்மினால் மலைக்கும் சளி பிடிக்கும் காலம் எப்போதோ வந்துவிட்டிருக்கிறது. திருப்பூருக்கு வெளியே போனால் மந்தத்துக்கு வெளியே போய்விடலாம் என்று நாங்கள் நினைத்தது எவ்வளவு பேதைமை!

பேச்சுவாக்கில் தம் முன்னோர் கதையையும் சொன்னார். மலையாளிகள் எனப்படும் இம்மலை மக்கள், தம் மூதாதையர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்பர். உடன்பிறந்த மூவர் புறப்பட்டு, ஒருவர் சேர்வராயன் மலைக்கும் ஒருவர் கொல்லிமலைக்கும் ஒருவர் பச்சைமலைக்கும் போனதாகக் கதை. ஏன் புறப்பட்டனர் என்று கேட்டோம். ‘அப்ப அங்க துலுக்கர் ஆட்சி...’ என்று தொடங்கியவர், எங்கள் தொப்பிகளைப் பார்த்து நிறுத்திவிட்டு, வாய்விட்டுச் சிரித்தார். நாங்களும் சிரித்தோம். 1909-இல் வெளியான தர்ஸ்டனின் நூலிலும் இக்கதை ஏறத்தாழ இப்படியே பதிவாகியிருக்கிறது. வரலாற்றுக்கு அதில் எவ்வளவு பங்கு என்பதை ஆய்வாளர்களுக்கு விட்டுவிடுவோம். எங்களைத் தைத்தது வேறு: மண்ணோடு பிறந்தவர்கள் என்று நாங்கள் எண்ணியிருந்தவர்களும் தம்மை ஒரு நகரத்தைவிட்டு வந்தவர்களாகவே நினைவில் வைத்திருக்கின்றனர். அந்தச் சிரிப்புக்குப் பிறகு அவர் இன்னொரு குவளை காப்பி ஊற்றினார்.

புறப்படும்போது கேட்டார்: ‘உங்க அத்தா போன பிறகு மிளகுக்கு வர்ற ஆளு எடையில கை வைக்கிறான். நீங்க யாராவது எடுக்கிறீங்களா?’

இறங்கும் பேருந்தில் நாங்கள் இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை. ஆனால் இருவருக்கும் அதுவே நினைவு. நாமக்கல்லில் அம்மாவின் வீட்டில் இஷா தொழுது, மறுபடியும் இஸ்திகாரா தொழுதோம். அன்றும் கனவு வரவில்லை. நன்றாகத் தூங்கினோம் என்பது மட்டும் உண்மை, மூன்று மாதங்களில் முதல் முறையாக.

முடிவு வேடிக்கையாக அமைந்தது. இருப்போம் என்று வாதாடிய இளையவர் நாமக்கல்லுக்குப் போனார். போவோம் என்று வாதாடிய மூத்தவர் திருப்பூரிலேயே இருந்தார். இளையவருக்கு மலையேற உடலில் தெம்பிருந்தது, பிள்ளைகள் இன்னும் பள்ளிக்குப் போகவில்லை, அம்மாவுக்கும் ஆள் வேண்டும். மூத்தவரின் மகள் அவ்வாண்டு மார்ச்சில் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுத வேண்டியிருந்தது. கூலிப் பாக்கி தீர்ந்தபின் எஞ்சிய கணக்கு இவ்வளவு எளியதாக இருந்தது. மார்க்க ஆதாரங்கள் எதுவும் அதற்குத் தேவைப்படவில்லை. ஷெட்டை ஒப்படைத்து, முன்பணத்தில் வாடகைப் பாக்கியைக் கழித்தோம். நான்கு இயந்திரங்களை வீட்டு முன்னறையில் போட்டோம், மற்றவற்றை விற்று மாமி மகனுக்கு ஒரு பகுதியைத் திருப்பினோம். ஏற்றுமதி படுத்துவிட்டாலும் உள்நாட்டுப் பனியனுக்கு ஓரளவு வேலை இருந்தது. காதர்பேட்டை வியாபாரிகளிடம் துணி வாங்கி, டெய்லராகத் தொடங்கிய மூத்தவர் மீண்டும் டெய்லராக உட்கார்ந்தார். அவர் மனைவி பிசிறு வெட்டினார். 2009 பிப்ரவரி 22-இல் திருப்பூர் தனி மாவட்டமாயிற்று. வீதியில் வெடி வெடித்தனர். எதிர் ஷெட்டில் அன்றும் பூட்டுத்தான்.

மிளகு வணிகம் முதல் ஆண்டு நட்டம். ஈரப் பதம் பார்க்கத் தெரியாமல் வாங்கி, காய்ந்தபின் எடை குறைந்தது. அத்தா ஒரு பிடி மிளகைக் கையில் குலுக்கிச் சத்தத்தைக் கேட்டே சொல்லிவிடுவார். அதைக் கற்க இளையவருக்கு மூன்று மாசிகள் ஆயின. மாமி மகனின் கடன் முழுதும் தீர 2013 ஆயிற்று. அந்த நிறுவனத்தின் பாக்கியில் பாதிக்குச் சற்று அதிகமாக, துண்டு துண்டாக வந்தது. மீதி வரவில்லை. அந்த முதலாளியும் யாரோ ஒருவர் தம்மைப் போனில் அழைக்காதிருக்க வேண்டுமே என்று ஒரு காலத்தில் விழித்திருந்திருப்பார். அதற்காக அவரை முழுதும் மன்னித்துவிட்டோம் என்று சொல்ல மனம் வரவில்லை.

2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டபோதும், 2020-இல் ஊரடங்கு வந்தபோதும், 2022-இல் நூல் விலை ஏறி ஆர்டர்கள் குறைந்தபோதும் எங்கள் வீட்டில் அதே கேள்வி எழுந்தது. ஒவ்வொரு முறையும் விடை ஒன்றாக இருக்கவில்லை. சாயப்பட்டறைகள் மூடியபோது மூத்தவரே மூட்டை கட்டி எட்டு மாதம் நாமக்கல்லில் இருந்துவிட்டு வந்தார். அப்போது யாருக்கும் கூலி பாக்கி இல்லை. அதனால் பகலில், வீட்டுக்காரரிடம் சொல்லிக்கொண்டு போனார்.

அந்த ஓவர்லாக் டெய்லர் 2009 ஜூனில் திரும்பி வந்தாள். ஒரு கையில் துணிப்பை, மறு கையில் சாக்கில் கட்டிய பலாப்பழம். பேருந்து நிலையத்திலிருந்து பழைய ஷெட்டுக்குப் போய், பூட்டைப் பார்த்துவிட்டு, விசாரித்துக்கொண்டு வீட்டுக்கு வந்திருக்கிறாள். தங்கையும் சித்தப்பா மகளும் வரவில்லை. ஒருத்திக்குத் திருமணம் பேசியிருந்தனர், மற்றவள் மிளகு பறிக்கக் கேரளாவுக்குப் போய்விட்டாள். முன்னறையில் இருந்த நான்கு இயந்திரங்களையும் அவள் ஒரு பார்வை பார்த்தாள். ஓவர்லாக் ஒன்றுதான் இருந்தது, அதில் ஆள் இருந்தார். தேநீர் குடித்தாள். மூத்தவரும் அவர் மனைவியும் அவளோடு நடந்து, இரண்டு வீதி தள்ளி அப்போதுதான் மறுபடியும் ‘ஆட்கள் தேவை’ என்று பலகை தொங்கவிட்டிருந்த ஒரு கம்பெனிக்கு அழைத்துப் போய், மேஸ்திரியிடம் சொல்லிச் சேர்த்துவிட்டனர். சனிக்கிழமை சம்பளம் தவறாமல் கொடுப்பார்களா என்று அவள் மேஸ்திரியிடமே கேட்டாள்.